பேனரை யார் பிடிப்பது? (கடிதமும் பதிலும்)

அண்ணே, வணக்கம்.

மேலூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். வருஷா வருஷம் ஜூன் 30 அன்று எங்கள் தெருப் பையன்கள் வேன் பிடித்து 1997-ல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் சாதி வெறியில் கொல்லப்பட்ட மேலவளவின் விடுதலைக் களத்துக்குப் போய் மாலை வைத்துவிட்டு வருவோம். இந்த முறை ஒரு சிக்கல். எங்களில் ஒரு தம்பி, எந்த வேலைக்கும் முதல் ஆளாக நிற்பவன், தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டான். வேனில் வரட்டும், ஆனால் பேனரைப் பிடிக்கக் கூடாது, பின்னால் நிற்கட்டும் என்கிறார்கள் பெரியவர்கள். 'ஏற்கெனவே நம்மளக் கேவலமாப் பேசுறவனுக்கு இது ஒண்ணு போதும்' என்கிறார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களும், தன்பாலீர்ப்பாளர், திருநங்கையர் போன்ற பால்புதுமையரும் ஒன்றாக நிற்பதைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். மார்ட்டின் லூதர் கிங் காலத்தில் இப்படியா இருந்தது? அங்கே சரி, இங்கே சரிப்படுமா?

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பேனரை அவன் பிடிக்க வேண்டும்.

கிங் காலத்தில் அங்கேயும் இது லேசில் நடக்கவில்லை. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் கூடிய பேரணியில் கிங் பேசியது உங்களுக்குத் தெரியும். அந்தப் பேரணியை இரண்டே மாதத்துக்குள் கட்டி எழுப்பியவர் பேயார்ட் ரஸ்டின். அவர் தன்பாலீர்ப்பு கொண்டவர், அதற்காக 1953-ல் கைதாகிச் சிறைக்கும் போனவர். 1960-ல் அவரைக் கிங்கிடமிருந்து விலக வைத்தது வெள்ளை இனவெறியர்கள் இல்லை. கறுப்பினத் தலைவர் ஒருவரே, இவர்கள் இருவருக்கும் உறவு என்று கிளப்பிவிடுவேன் என மிரட்டினார், ரஸ்டின் ஒதுங்கினார், கிங்கும் தடுக்கவில்லை. உங்கள் பெரியவர்கள் சொல்கிற அதே பயம்தான். மூன்று வருஷம் கழித்து, பேரணி நெருங்கும் நேரத்தில், ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டர் ரஸ்டினின் கைதை அமெரிக்க செனட்டிலேயே எடுத்துப் பேசினார். இந்த முறை மூத்த தொழிற்சங்கத் தலைவர் ராண்டால்ஃப் அவருக்காக வெளிப்படையாக நின்றார், மற்றவர்களும் கைவிடவில்லை. பேரணி நடந்தது, யார் கேவலமாகப் பேசியும் கூட்டம் குறையவில்லை.

இன்னொன்றை உங்கள் பெரியவர்களிடம் அவசியம் சொல்லுங்கள். 'சிறுத்தை' என்ற சொல் நமக்கு எங்கிருந்து வந்தது? 1966-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் கறுப்பின இளைஞர்கள் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் கட்சி, அதைப் பார்த்து 1972-ல் மும்பையில் தலித் பேந்தர்ஸ், அங்கிருந்து எண்பதுகளின் தொடக்கத்தில், அந்த இயக்கத்தை இங்கே கொண்டுவந்த மலைச்சாமி வழியாக நம் மதுரைக்கு. சரி, அந்தக் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஹியூ நியூட்டன் 1970 ஆகஸ்ட்டில் தன் தோழர்களுக்கு என்ன சொன்னார் தெரியுமா? தன்பாலீர்ப்பாளர்களைப் பார்த்தால் நமக்குள் ஒரு பயம் வருகிறது, அந்தப் பயம் நம்முடைய பிரச்சினை, அவர்களைத் திட்டும் சொற்களை நம் பேச்சிலிருந்தே எடுத்துவிட வேண்டும், அவர்களின் இயக்கத்தோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்றார். துப்பாக்கியும் கறுப்புத் தோல் கோட்டுமாக நின்ற ஆட்களிடம், ஐம்பது வருஷத்துக்கும் முன்னால். நம் வேனில் மேலூர் தாண்டுவதற்குள் 'ஒம்போது' என்ற சொல் எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெயரை எடுத்துக்கொண்ட நாம் இதையும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விட நெருக்கமானவர் தென்னாப்பிரிக்காவின் சைமன் நிகோலி. கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர், நிறவெறி அரசை எதிர்த்ததற்காக 1984-ல் கைதாகி, டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் 22 பேரில் ஒருவராகக் கூண்டில் நின்றார். மரண தண்டனைகூட விழலாம் என்ற வழக்கு. சிறைக்குள் ஒரு நாள் தன்னைப் பற்றித் தோழர்களிடம் சொல்லிவிட்டார். சிலர் கொதித்துப்போனார்கள், வழக்கே கெட்டுவிடும், இவனைத் தனியாக விசாரிக்கச் சொல்லலாம் என்றார்கள். இந்த வாதத்தைக் கேட்ட மாதிரி இருக்கிறதா? பின்னால் நிற்கட்டும் என்பதன் சிறை வடிவம் அது. ஆனால் ஒரே இடத்தில் அடைபட்டுக் கிடந்தவர்கள், பேசித் தீர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை, பேசினார்கள். கடைசியில் ஒன்றாகவே நின்றார்கள். அதே நேரம் வெளியே, அவர் இருந்த, வெள்ளையர்களே நிறைந்த தன்பாலீர்ப்பாளர் சங்கம் அவருக்காக வாய் திறக்கவில்லை, அரசியல் எங்கள் வேலை இல்லை என்று இருந்துவிட்டது. ஒரே மனிதனை இரண்டு பக்கமும் பாதி பாதியாகத்தான் கேட்டார்கள். 1988-ல் விடுதலையான அவர், 1990-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் நடந்த முதல் தன்பாலீர்ப்பாளர் சுயமரியாதைப் பேரணியில் நின்று, என் கறுப்பையும் என் தன்பாலீர்ப்பையும் என்னால் பிரித்து வைக்க முடியாது என்று சொன்னார். அவரோடு கூண்டில் நின்ற லெகோட்டா பின்னாளில் அந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். பாலீர்ப்பைக் காட்டி யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று உலகத்திலேயே முதலில் அரசியல் சாசனத்தில் எழுதிய நாடும் அதுதான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். சாதி மாறிக் காதலித்து ஓடும் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் 'பெண்ணைக் காணோம்' என்று புகார், அப்புறம் ஸ்டேஷனில் வைத்துப் பஞ்சாயத்து, பிரித்துக் கூட்டிக்கொண்டு போவது, அதற்கும் மேலே போனால் கொலை. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் நேசித்தவர்கள், வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு ஓடிப்போனபோது இங்கே பெற்றோர் கொடுத்ததும் அதே 'காணோம்' புகார்தான். அவர்கள் வழக்கைக் கேட்ட சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த விஷயம் தனக்குப் புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, 2021 ஜூனில் உத்தரவு போட்டார். போலீஸ் தொந்தரவு கூடாது, 'குணப்படுத்துகிறேன்' என்று யாரும் இவர்களைச் சித்திரவதை செய்யக் கூடாது என்றார்.

ஒரே புகார், ஒரே ஸ்டேஷன், ஒரே மிரட்டல். இது தற்செயல் இல்லை தம்பி. சாதி உயிரோடு இருப்பது அகமணத்தால்தான், அதாவது சொந்தச் சாதிக்குள்ளேயே கல்யாணம் பண்ணுவதால்தான் என்று அம்பேத்கர் 1916-லேயே நியூயார்க்கில் படித்த கட்டுரையில் சொல்லிவிட்டார். யார் யாரோடு வாழலாம் என்று குடும்பமும் ஊரும் முடிவு பண்ணுகிற அதிகாரம் இருக்கிறதே, அதுதான் நம்மைத் தனித் தெருவில் வைத்தது, அதுதான் அந்தத் தம்பியையும் பின்வரிசைக்கு அனுப்புகிறது.

இதை மறுபக்கத்துக்கும் சொல்ல வேண்டும். 2015-ல் மும்பையில் ஒரு தாய் மகனுக்கு மணமகன் தேடிப் பத்திரிகை விளம்பரம் கொடுத்தார், நாடே பாராட்டியது. அதில் 'ஐயராக இருந்தால் நல்லது' என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. திருநங்கையர் உரிமைக்காகப் போராடும் நம் கிரேஸ் பானு இத்தனை வருஷமாகக் கேட்பதும் இதைத்தான்: திருநங்கையரை ஒரு சாதி மாதிரி ஒரே பட்டியலில் போடாதே, தலித் திருநங்கைக்கு இரண்டு அடையாளமும் உண்டு, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் கிடைமட்ட இடஒதுக்கீடு கொடு என்கிறார். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அரசுக்கு அதையே சொன்னது. ஆக, உங்கள் தெருவும் பால்புதுமையரின் வானவில் கொடியும் இரண்டு கூட்டம் என்று நினைத்துக்கொண்டு சேர்வதா வேண்டாமா என்று கேட்கிறோம். அந்தத் தம்பி இரண்டிலும் பிறந்தவன், அவனை நாம் புதிதாகச் சேர்க்கவே வேண்டாம்.

கேவலமாகப் பேசுகிறவன் என்ன சொல்வான் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்காராதே என்று மிரட்டியபோது முருகேசனும் உடனிருந்தவர்களும் ஊர் என்ன சொல்லும் என்று பார்த்திருந்தால், நாம் அங்கே மாலை போட என்ன இருக்கிறது?

பெரியவர்களோடு சண்டை போடாதீர்கள். நியூட்டன் கதையையும் நிகோலி கதையையும் டீக்கடையில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள், என்னைவிட உங்களுக்கு அவர்கள் பாஷை தெரியும். தம்பியிடமும் கேளுங்கள், அவனுக்கு முன்னால் நிற்க விருப்பமா என்று. அவன் சரி என்றால் பேனரின் ஒரு முனையை அவன் பிடிக்கட்டும், இன்னொரு முனையை நான் பிடிக்கிறேன். 30-ஆம் தேதி காலையில் மேலூர் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன், வேன் எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்