அமெரிக்காவில் அநாதை இல்லம் ஏன் அகப்படுவதில்லை?

அன்புள்ள தம்பிக்கு,

மகளின் முதல் பிறந்தநாளன்று, ஊரில் நம் வீடுகளில் செய்வதைப் போல ஓர் அநாதை இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போட விரும்புவதாகவும், நியூ ஜெர்சியில் எங்கு தேடியும் அப்படி ஓர் இல்லம் அகப்படவில்லை என்றும் எழுதி, இந்த நாட்டில் ஆதரவற்ற குழந்தைகளே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், வந்த புதிதில், நானும் இதே எண்ணத்தோடு ஓர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். எதிர்முனையில் பேசிய அம்மையார், வழக்கொழிந்துபோன ஒரு பொருளை யாரோ கடையில் வந்து கேட்டதைப் போலச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். குழந்தைகள் இருக்கிறார்கள், தம்பி, இல்லங்கள்தான் போய்விட்டன.

ஒரு காலத்தில் அவை இங்கே ஏராளமாக இருந்தன. 1729-இல் நியூ ஆர்லியன்ஸில் உர்சுலைன் என்ற கத்தோலிக்கச் சபையின் கன்னியர் ஆதரவற்ற குழந்தைகளை ஏற்று வளர்க்கத் தொடங்கினார்கள். 1790-இல் சார்ல்ஸ்டன் நகரம் பொதுப்பணத்திலேயே ஓர் இல்லத்தை ஏற்படுத்தியது. பத்து டாலர் நோட்டில் இருக்கும் அலெக்சாண்டர் ஹாமில்டனின் மனைவி எலிசபெத், கணவர் துப்பாக்கிச் சண்டையில் இறந்த இரண்டே ஆண்டுகளில், 1806-இல், வேறு சில பெண்களோடு சேர்ந்து நியூயார்க்கில் ஓர் அநாதை இல்லச் சங்கத்தை நிறுவினார். ஆனால் எல்லா இல்லங்களும் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பினக் குழந்தைகளுக்கென்று 1836-இல் தனி இல்லம் ஒன்று தொடங்க வேண்டியிருந்தது; 1863-இல், கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து எழுந்த கலவரத்தில், அதையும் ஒரு கும்பல் தீ வைத்து அழித்தது. உள்ளே இருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பின்வழியாக வெளியேறித் தப்பினார்கள்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இல்லங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் அல்லர். ஒருவரை மட்டும் இழந்தவர்களை 'அரை அநாதை' என்றே பதிவேடுகளில் எழுதி வைத்தார்கள். கணவனைப் பறிகொடுத்த பெண், வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் பிள்ளையை இல்லத்தில் விட்டு, முடிந்த மாதங்களில் சிறு தொகை கட்டி, நிலைமை சீரானதும் அடகு வைத்த நகையை மீட்பதைப் போல மீட்டுக்கொண்டு போனாள். மீட்க முடியாதவர்களும் இருந்தார்கள்.

இல்லங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று உறுதியாக நம்பிய சார்ல்ஸ் லோரிங் பிரேஸ் என்ற போதகர் 1853-இல் நியூயார்க்கில் குழந்தைகள் உதவிச் சங்கத்தைத் தொடங்கி, மறு ஆண்டே தெருவில் திரிந்த சிறுவர்களை ரயிலேற்றி மேற்கே விவசாயக் குடும்பங்களுக்கு அனுப்பினார். 1929 வரை, மற்ற அமைப்புகள் அனுப்பியவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ இரண்டு லட்சம் குழந்தைகள் அவ்வாறு போனதாகக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் குழந்தைகளை மேடையில் வரிசையாக நிறுத்துவார்கள். ஊரார் வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். சிலருக்கு அன்பான பெற்றோர் கிடைத்தார்கள். சிலரின் புஜத்தை அழுத்திப் பார்த்து, உழவுக்கு ஆவானா என்று கணித்து அழைத்துச் சென்றார்கள். அண்ணனை ஓர் ஊரிலும் தங்கையை வேறோர் ஊரிலும் இறக்கிவிட்டதும் உண்டு. பிரேஸின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஊரில் தாயோ தகப்பனோ இருந்தார்கள் என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

திருப்பம் 1909-இல் வந்தது. ஓர் இல்லத்தில் வளர்ந்து வழக்கறிஞரான ஜேம்ஸ் வெஸ்ட் வலியுறுத்தியதன் பேரில், குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது என்று அது கூறியது. 1911-இல் இல்லினாய் மாநிலம் தாய்மாருக்கான உதவித்தொகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1912-இல் ஜூலியா லேத்ரப் தலைமையில் மத்திய அரசின் குழந்தைகள் நலப் பிரிவு பிறந்தது. 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அந்த உதவித்தொகையை நாடு முழுவதற்கும் விரித்தது. இல்லத்துக்குச் செலவிட்ட பணம் மெல்ல மெல்லத் தாயின் கைக்குப் போகத் தொடங்கியது. 1950 வாக்கில், நிறுவனங்களில் இருந்தவர்களைவிட வளர்ப்புக் குடும்பங்களில் இருந்த குழந்தைகளே அதிகம். (நம்மவர்கள் கோடை விடுமுறையில் தவறாமல் போகும் ஹெர்ஷி ஊரில், அதே பெயரில் சாக்லேட் செய்த முதலாளி அநாதைச் சிறுவர்களுக்காகப் பள்ளி தொடங்கியதும் அதே 1909-இல்தான். இன்றும் அது வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்க வைக்கிறது. அது ஒரு விதிவிலக்கு.)

இன்று, வீட்டில் பாதுகாப்பில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்த குழந்தைகள்தான் 'ஃபாஸ்டர் கேர்' என்னும் ஏற்பாட்டில் பெரும்பாலும் உறவினர் வீடுகளிலோ வளர்ப்புக் குடும்பங்களிலோ இருக்கிறார்கள். கடந்த சில ஆண்டுகளில் எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் நாடு முழுவதும் அவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை அதிகாரிகள் வெளியாரிடம் சொல்ல மாட்டார்கள். வீட்டில் சமைத்த உணவோடு போய் நின்று, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்ப வழியே இல்லை. முதலில் எனக்கு இது வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு, யாரோ ஒருவருடைய பிறந்தநாளுக்காக வரிசையில் உட்காரும் கட்டாயம் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை என்பதும் ஒரு நாகரிகமே என்று தோன்றியது.

பிறந்தநாளுக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்தக் குழந்தைகளை வீடு மாற்றும்போது அவர்களுடைய உடைமைகளைக் கறுப்புக் குப்பைப் பைகளில் திணித்து அனுப்பும் வழக்கம் இன்னும் முழுமையாக ஒழியவில்லை. உங்கள் மாவட்டத்தில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு உதவும் அமைப்பைக் கேட்டால், புதிய பயணப் பைகளை வாங்கிக்கொள்வார்கள். உள்ளே ஒரு போர்வையும் பல் துலக்கியும் வைத்துக் கொடுங்கள். நேரம் ஒதுக்க முடியுமானால், 1977-இல் சியாட்டிலில் ஒரு நீதிபதி தொடங்கிய 'காசா' (CASA) என்னும் திட்டத்தில் சேரலாம். நீதிமன்றத்தில் ஒரே ஒரு குழந்தையின் நலனை எடுத்துச் சொல்லும் தன்னார்வப் பணி அது. கைரேகை எடுத்துப் பின்னணியைச் சரிபார்ப்பார்கள்; சில வாரப் பயிற்சியும் உண்டு. எனவே அடுத்த பிறந்தநாளுக்குள் தயாராக வேண்டுமானால் இப்போதே விண்ணப்பித்து விடுங்கள்.