கணினி கேள்வி–பதில்: புது எஸ்எஸ்டியில் விண்டோஸ்

கேள்வி: 2019-ல் வாங்கிய லேப்டாப். எட்டாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 1 டிபி ஹார்டு டிஸ்க், கூடவே வந்த விண்டோஸ் 10. பத்து நாளாக டிஸ்க்கில் ‘டக் டக்’ சத்தம். இப்போது விண்டோஸ் வரவே இல்லை. அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டால் விண்டோஸ் லைசென்ஸும் புதிதாக வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? நானே போட்டுக்கொள்ள முடியுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: லைசென்ஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள். விண்டோஸோடு விற்ற லேப்டாப்பில் லைசென்ஸ் எண்ணான ‘ப்ராடக்ட் கீ’ மதர்போர்டின் சிப்பிலேயே இருக்கிறது. டிஸ்க்கை மாற்றினால் அது போகாது. இன்ஸ்டால் செய்யும்போது கீ கேட்டால் ‘ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ’ என்பதை அழுத்துங்கள். முன்பு இருந்தது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்றால் அதையே தேர்ந்தெடுங்கள். ‘ப்ரோ’ போட்டால் ஆக்டிவேட் ஆகாது.

முதலில் பழைய டிஸ்க்கைக் கவனியுங்கள். உள்ளே சுழலும் தகட்டைப் படிக்கிற முனை, இடம் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போதுதான் அந்தச் சத்தம் வரும். ஆன் செய்யச் செய்யத் தகடு கீறிப் போகலாம். குழந்தைகளின் படங்கள் போல வேறெங்கும் பிரதி இல்லாதவை அதில் இருந்தால் இனி மின்சாரமே கொடுக்காமல் டேட்டா மீட்பவர்களிடம் ஒப்படையுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் யுஎஸ்பி–சாட்டா கேபிளில் (கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பியில் செருக உதவும் கேபிள்) வேறு கணினியோடு இணைத்து, மிக வேண்டிய ஃபோல்டரை முதலில் எடுங்கள். 48 இலக்க ரிகவரி கீ கேட்டால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும்.

வாங்க வேண்டியது பழைய டிஸ்க்கின் இடத்திலேயே மாட்டக்கூடிய 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. பழைய டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தின் நான்கு சிறு திருகுகளைப் பத்திரப்படுத்துங்கள், புதியதோடு திருகு வராமல் போகலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டதால் 11-ஐயே போடுங்கள். உங்கள் பிராசஸர் அதற்குப் போதும், பழைய லைசென்ஸும் செல்லும்.

வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ மூலம் குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை ஏற்றுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எஸ்எஸ்டியை மாட்டி, பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்ததும் பூட் மெனுவைத் திறக்கும் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள்: ஹெச்பியில் எஃப்9, டெல், லெனோவாவில் பொதுவாக எஃப்12. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் அந்தப் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் கேட்கும் திரையில் ‘அன்அலகேட்டட் ஸ்பேஸ்’ என்பதைத் தொட்டு நெக்ஸ்ட் கொடுத்தால் போதும், பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் தனித்தனிப் பகுதிகளை) விண்டோஸே பிரித்துக்கொள்ளும். முதல் ரீஸ்டார்ட்டில் பென் டிரைவை உருவிவிடுங்கள். அது செருகியே இருந்தால் சில கணினிகளில் இன்ஸ்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எஸ்எஸ்டி பழுது என்று பயந்துவிடுவீர்கள். பிறகு இணையம் கேட்கும் இடத்தில் வைஃபை தெரியவில்லை என்றால் போனைக் கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள்.

கேள்வி: டெஸ்க்டாப்பில் புது எஸ்எஸ்டி சேர்த்து விண்டோஸ் போட்டேன், நன்றாக ஓடியது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியதும் ‘நோ பூட் டிவைஸ்’ என்கிறது.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இன்ஸ்டால் செய்தபோது பழைய டிஸ்க்கும் இணைப்பில் இருந்திருக்கிறது. அதில் ஏற்கெனவே ஒரு பூட் பார்ட்டிஷன் இருந்ததால் விண்டோஸ் தன் தொடக்கக் கோப்புகளை அங்கேயே எழுதிவிட்டது. பழையதை மறுபடி மாட்டினால் ஓடும். ஆனால் அது பழுதாகும் நாளில் எஸ்எஸ்டியும் எழாது. இன்னும் அதிகம் எதுவும் ஏற்றவில்லை என்றால் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியின் பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்வதே சுத்தமான வழி. முடிந்த பிறகு பழையதை இணைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 500 ஜிபி எஸ்எஸ்டி, 465 என்றே காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
- வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. தயாரிப்பாளர் 1 ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் என்று கணக்கிடுகிறது. இரண்டும் ஒரே கொள்ளளவுதான்.