பல மாதம் நிறுத்தி வைத்த விமானத்தை மறுபடி பறக்கவிடும் முன் என்ன பார்ப்பார்கள்? நம்பி ஏறலாமா?

ஏறலாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இப்படிக் கேட்பவர்கள் வீட்டில் யாராவது வளைகுடாவுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பார்கள். கேரள எல்லையை ஒட்டிய எங்கள் களியக்காவிளைப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது அங்கேதான்.

நான் விமானப் பராமரிப்பில் டெக்னீசியன். லைசென்ஸ் வாங்கிய இன்ஜினியர் இல்லை, 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்குக் கிடையாது. ஆகவே இந்தத் துறையின் பெரியவர்கள் விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். என் கை பட்ட வேலையை மட்டும்தான் எழுதுகிறேன்.

கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச் 25 முதல் உள்நாட்டு விமானங்கள் நின்றன. மே 25 அன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கின. ஆனால் பல விமானங்கள் அதற்கப்புறமும் மாதக்கணக்கில் நின்றன. கேரளத்தில் கடலை ஒட்டிய ஒரு விமான நிலையத்தில் நாங்கள் பார்த்துக்கொண்ட போயிங் 737 விமானங்களும் அப்படித்தான். எல்லையை அடைத்துவிட்டதால் நான் கேரளப் பக்கம் பாறசாலையில் சித்தி வீட்டிலேயே தங்கிவிட்டேன். அம்மா இருந்தது சில கிலோமீட்டர் தள்ளித்தான், ஆனால் வேறு மாநிலம்.

அப்போது மாமா போனில் கேட்டார்: "மூணு மாசம் சும்மா கெடந்த என் பைக்கே ஸ்டார்ட் ஆவல, பிளேன் எப்படிடே பறக்கும்?" எனக்கு அது வலித்தது. நிற்கிற விமானம் சும்மா கிடப்பதில்லை. ஒரே இடத்தில் அழுந்தி டயர் தட்டையாகிவிடாமல் சக்கரங்களைச் சுற்றிவிடுவோம். எரிபொருள் தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்போம், இல்லாவிட்டால் அதில் பூஞ்சை வளரும். என்ஜினுக்குள் ஈரம் உறிஞ்சும் பைகளோடு ஒரு சின்ன அட்டையும் வைப்போம். அட்டை நீலமாக இருந்தால் சரி, இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது, பைகளை மாற்ற வேண்டும். ஜூன் மழையில் அந்த அட்டையைத்தான் காலையில் முதலில் போய்ப் பார்ப்பேன்.

ஈரம் சாதாரண விஷயமில்லை. 2020 ஜூலையில் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பு அவசர உத்தரவே போட்டது. 7 நாளோ அதற்கு மேலோ நின்ற 737 விமானங்களில் என்ஜினிலிருந்து காற்றெடுக்கும் பாதையில் உள்ள ஒரு வால்வை, துரு பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பறக்கவிட வேண்டும் என்றார்கள். அந்த வால்வு திறந்தபடி சிக்கி, ஒரு என்ஜின் நின்றுபோன சம்பவம் நான்கு நடந்திருந்தது. உப்புக்காற்றில் நிற்கும் விமானம் என்றால் எங்களுக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசியுங்கள்.

ஆனால் என்னை இன்றும் தூங்கவிடாதது என்ஜின் இல்லை, ஒரு சின்ன ஓட்டை. விமானத்தின் மூக்குப் பக்கம் பிட்டாட் என்று மூன்று குழாய்கள் உண்டு. எதிர்க்காற்று அதன் வாயில் புகுந்து கொடுக்கும் அழுத்தத்தை வைத்துத்தான் வேகம் தெரியும். நிற்கும்போது உறை மாட்டி, சிவப்பு ரிப்பன் தொங்கவிடுவோம். நான் தினமும் கீழிருந்து மூன்று ரிப்பனையும் பார்த்து டிக் போட்டேன்.

திரும்ப எடுக்கும் நாளில் ஏணியில் ஏறி வலது பக்க உறையைத் தொட்டேன், ஆடியது. ஆடிக்காற்றில் பட்டை தளர்ந்திருக்கிறது. கழற்றி டார்ச் அடித்தால் குழாயின் வாயே இல்லை. செம்மண்ணைக் குழைத்து மேஸ்திரி பூசியதுபோல் வழுவழுப்பாக அடைத்திருந்தது. குளவி. நான் டிக் போட்ட நாட்களில்தான் அது கட்டியிருக்க வேண்டும். எனக்குக் கை நடுங்கிவிட்டது. நாகர்கோவில்காரரான சீனியர் அண்ணன் திட்டவில்லை. "மக்கா, ரிப்பன் ஆடுதான்னு பாக்காத. உறை இறுகி இருக்கான்னு பாரு" என்றார், அவ்வளவுதான். அந்தக் குழாயையே மாற்றினோம். பின்னால் போகும் லைனைக் கருவியிலிருந்து பிரித்து உலர்காற்று விட்டு ஊதி, மறுபடி மாட்டிக் கசிவு சோதனை செய்ய அன்று இரவாகிவிட்டது.

"தினமும் டிக் போட்டவன் நீதானே?" என்று கேட்பீர்கள். ஆமாம், நான்தான். ஆனால் அந்த டிக்கை மட்டும் நம்பி யாரும் விமானத்தை விடுவதில்லை. நிறுத்தும்போது ஒட்டிய டேப், மாட்டிய உறை, சொருகிய அடைப்பு எல்லாம் எண்ணி எழுதப்பட்டிருக்கும். எடுக்கும்போது அந்த எண்ணிக்கை சரியாகத் திரும்பி வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் விமானம் நகராது. பிறகு என்ஜினை ஓட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் விமானியும் சுற்றி வந்து பார்ப்பார். ஓடுதளத்தில் வேகம் 80 நாட், அதாவது மணிக்கு 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும்போது, இரண்டு விமானிகளும் தங்கள் வேகமானியை ஒப்பிட்டுக்கொள்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் நிறுத்திவிடலாம்.

குளவிக்கு இவ்வளவு பேச்சா என்பவர்களுக்கு: 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிகன் குடியரசில் பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 விமானம் கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். சுமார் மூன்று வாரம் நின்ற விமானம், பிட்டாட்டுக்கு உறை போடவில்லை. குழாய் கடலிலிருந்து கிடைக்காததால் குளவிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் அதன்மேல்தான். அங்கேயும் ஓடுதளத்திலேயே கேப்டனின் வேகமானி வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அப்படியும் மேலே போனார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நைட் டியூட்டி முடிந்து பைக்கில் வரும்போது எல்லை ரோட்டில் பாறைக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக வரும். பாதிக்குப் பின்விளக்கு கிடையாது, மேலே தார்ப்பாய் கிடையாது. என் நண்பன் ஒருவனுக்கு அதில் கால் போனது. விமானத்தில் ஏற பயப்படுகிறோம், இதைக் கேட்க ஆளில்லை.

சரி, உங்கள் வீட்டுக்காரர்களைத் தைரியமாக அனுப்புங்கள். எந்த விமானம், எந்த நிறுவனம் என்று மட்டும் கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.