'அப்பா தூங்கிட்டார் அங்கிள்'

கேள்வி: மண்ணடியில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வீடு குரோம்பேட்டையில். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் கிளம்ப முடியும். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். அதற்கு அப்புறமும், பத்து மணிக்கு மேல் முதலாளி போன் செய்து ஸ்டாக் கேட்பார். ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு போய் மீன் வாங்கி அவர் வீட்டில் கொடுக்க வேண்டும். அவர் மகள் வீட்டுக் கரண்ட் பில்லும் என் தலையில்தான். என் தங்கை கல்யாணத்துக்கு ஒரு லட்சம் கடன் தந்தார். மாதம் 5,000 சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார். இன்னும் 30,000 பாக்கி. அதனால் வாய் திறக்க முடியவில்லை. சில ராத்திரி போனை என் எட்டு வயது மகளிடம் கொடுத்துவிடுவேன். 'அப்பா தூங்கிட்டார் அங்கிள்' என்று அழகாகச் சமாளித்துவிடுவாள், கெட்டிக்காரி. முதலாளி மனம் கோணாமல் இதிலிருந்து மீள வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, உங்கள் முதலாளி மாதிரி ஆட்களைப் பற்றி எனக்கு வராத கடிதம் இல்லை. அவரைக் கொஞ்ச நேரம் விடுங்கள். 'கெட்டிக்காரி' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை.

பதினோரு வருடமாக முதலாளியிடம் உங்களால் சொல்ல முடியாததை எட்டு வயதுக் குழந்தையை விட்டுச் சொல்ல வைத்திருக்கிறீர்கள். அதுவும் பொய்யாக. அப்பா பக்கத்திலேயே கண் விழித்து உட்கார்ந்திருக்கிறார், தூங்கிவிட்டார் என்கிறாள். அவள் மனதில் என்ன ஓடும்? இந்த போன் வந்தால் அப்பாவுக்குப் பயம், அப்பாவை நான்தான் காப்பாற்ற வேண்டும். பள்ளிக்கூடம் போகிற குழந்தை பத்து மணிக்கு மேல் ஏன் முழித்திருக்கிறாள் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? போன் வரும் என்று காத்திருக்கிறாள் தம்பி.

எனக்கும் அது தெரியும். கடன்காரர் கதவைத் தட்டினால், 'அப்பா வெளியூர் போயிருக்கார்' என்று வாசலில் நின்று சொல்கிற வேலை சின்ன வயதில் எனக்குத்தான் கொடுக்கப்பட்டது. அப்பா நல்லவர். உழைத்துத்தான் எங்களை வளர்த்தார். ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வாசல்தான். உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு ஞாபகத்தைக் கொடுக்காதீர்கள்.

கடனைக் காரணம் சொல்கிறீர்கள். ஆபத்துக்கு உதவிய மனுஷரிடம் நன்றி இருக்கத்தான் வேண்டும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மாதாமாதம் 5,000 பிடித்துக்கொள்கிறார். 70,000 அடைத்துவிட்டீர்கள். மீதி ஆறு மாதத்தில் தீரும். இதில் காசிமேட்டு மீன் எந்தக் கணக்கில் வருகிறது? ஊரார் கணக்கையெல்லாம் பைசா சுத்தமாக எழுதுகிறவர், சொந்தக் கணக்கை மட்டும் பார்க்கவே இல்லை.

அவர் சொல்வதெல்லாம் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும் என்றால் கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்து முடித்துக்கொடுங்கள். அது உங்கள் வேலை. சம்பளம் வாங்குகிற இடத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் நான் பழைய காலத்து ஆள்தான். மகள் வீட்டுக் கரண்ட் பில் அதில் சேராது. ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் உரியது. அதை எடுத்து இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க உங்களுக்கே உரிமை கிடையாது.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். அந்தக் கூடுதலையும் சேர்த்து வாரம் 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் எழுதியிருக்கிறபடி, சாப்பாட்டு நேரம் போக ஆறு நாளைக்கு 57 மணி நேரம் வருகிறது. ராத்திரி போனையும் மீனையும் நான் இதில் சேர்க்கவே இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயமா? ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த அதே சட்டம் விடாது. எடுத்த எடுப்பில் தேனாம்பேட்டை தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஓடச் சொல்லவில்லை. காலடியில் தரை இருக்கிறது என்று தெரிந்தால் நிமிர்ந்து நின்று பேச வரும்.

சனிக்கிழமை சாயங்காலம், கல்லாவில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் எதிரில் போய் நில்லுங்கள். 'முதலாளி, ஞாயிற்றுக்கிழமை இனிமேல் என்னால் வர முடியாது, வீட்டில் இருக்க வேண்டியிருக்கு. ஸ்டாக் விவரம் தினமும் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் மேஜையில் எழுதி வைத்துவிடுகிறேன். கடன் பாக்கி 30,000, ஆறு மாதத்தில் முடிந்துவிடும்.' இவ்வளவுதான். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, வண்டி ரிப்பேர் என்று எதையும் ஒட்டவைக்காதீர்கள். ஒரு பொய்க் காரணம் சொன்னால் அடுத்த வாரம் 'இப்போ சரியாப் போச்சா?' என்று கேட்பார். மனம் கோணாமல் என்று கேட்டிருந்தீர்கள். கோணும். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் சனிக்கிழமைக்கு முன்னால், இன்றைக்கே, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'உன்னைப் பொய் சொல்ல வைத்தது அப்பா தப்பு, இனிமேல் போனை நானே எடுப்பேன்' என்று சொல்லுங்கள். பெற்ற பிள்ளையிடம் போய் மன்னிப்பா என்று கூச்சப்படாதீர்கள். ஒன்பது மணிக்கு அவளைப் படுக்க வையுங்கள். பத்து மணிக்குப் போன் அடித்தால் எடுத்து, 'காலையில் கடைக்கு வந்து பார்த்துச் சொல்கிறேன் முதலாளி' என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வையுங்கள். அவள் இன்னும் தூங்காமல் இருந்தால், அவள் காதிலும் அது விழட்டும்.