பதில்: காந்த வாலட்டில் வைத்த ஓட்டல் சாவி அட்டை செயலிழந்தது

வணக்கம் நண்பரே. ஐபோன் 15-இன் முதுகில் ஒட்டும் வாலட்டில் வைத்த ஓட்டல் அறைச் சாவி இரண்டு முறை செத்துப்போனது, ஏடிஎம் கார்டும் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

சாவி கறுப்புப் பட்டை உள்ள ரகம் என்றால் காந்தம்தான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு விருந்தினருக்கும் புதிதாக எழுத வேண்டுமே, அதனால் எளிதில் அழியும் பட்டையைத்தான் போடுவார்கள். சுமார் 300 ஓர்ஸ்டெட் (பட்டையை அழிக்க எவ்வளவு காந்த வலு வேண்டும் என்பதற்கான அளவு). வங்கி கார்டுகளின் பட்டை பெரும்பாலும் 2,750-க்கு மேல், லேசில் அழியாது. சிப்பையும் தட்டிப் பணம் கட்டும் வசதியையும் இந்தக் காந்தம் ஒன்றும் செய்யாது. நம்மூர் வங்கி கார்டுகளில் இப்போது சிப்தானே பேசுகிறது! ஓட்டல் சாவியை மட்டும் சட்டைப் பையில் போடுங்கள்.

புதிது வாங்குவதானால் காந்தத்துக்கும் கார்டுக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிளின் வாலட்டில் உண்டு, மூன்று கார்டு வரை கொள்ளும். காந்த வளையம் இல்லாத கவர் மேல் எதையும் ஒட்டாதீர்கள்; பேருந்து நெரிசலில் பையிலிருந்து உருவும்போதே கழன்றுவிடும்.

வயர்லெஸ் சார்ஜரில் வைக்கும் முன் வாலட்டைக் கட்டாயம் கழற்றுங்கள். போனுக்கும் சார்ஜருக்கும் நடுவே கார்டு மாட்டினால் பட்டை மட்டுமல்ல, தட்டும் சிப்பும் கெடலாம்.

வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் போனையும் வாலட்டையும் 15 செ.மீ.க்கு மேல் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்; வயர்லெஸ் சார்ஜ் ஏறும்போது 30 செ.மீ. சட்டைப் பையில் போன் வைக்கும் பழக்கம் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.