காரில் உட்கார்ந்திருக்க யாருக்குப் பிடிக்கும்?

கேள்வி: சிட்னியின் மேற்கே வெண்ட்வொர்த்வில்லில் 11 ஆண்டுகளாக வசிக்கிறோம். நான், மனைவி, 12 வயது மகள், 8 வயது மகன். கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார். பிப்ரவரி கடைசியில் திரும்புகிறார். ஜனவரி 14 புதன் முதல் 17 சனி வரை சிட்னிக்குத் தெற்கே கடலோர ஊரான கியாமாவில் தங்க அறை பதிவு செய்திருக்கிறேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஆனால் கடல் தெரியும். எங்கள் வீட்டில் விடுமுறைக்குப் போனாலே போனதைவிடக் களைப்பாகத்தான் திரும்புகிறோம். அக்டோபரில் மலையூரான கட்டூம்பா போனபோது பார்க்கிங் நேரம் முடிவதற்குள் ஓட்டமாக ஓடினோம். மகன் அழுதான், எனக்கும் மனைவிக்கும் சண்டை வந்தது. இந்த முறையாவது நிம்மதியாக இருக்க வேண்டும் என்று மணிவாரியாகத் திட்டம் போட்டு இணைத்திருக்கிறேன். மொத்தம் 17 இடங்கள். எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம்? அம்மாவைப் பற்றிக் கவலையில்லை. அவருக்குக் காரில் உட்கார்ந்திருப்பதே பிடிக்கும்; கட்டூம்பாவிலும் அப்படித்தான் இருந்தார்.
– ஒரு வாசகர், சிட்னி

பதில்: தம்பி, உங்கள் அட்டவணையை ஒரு முறை படித்தேன், கடிதத்தை நான்கு முறை படித்தேன். அட்டவணையைப் பிறகு பார்க்கலாம். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். காரில் உட்கார்ந்திருப்பது பிடிக்கும் என்று உங்கள் அம்மா எப்போது சொன்னார்? கும்பகோணத்தில் இருந்தபோது சொன்னாரா? தெருவில் நிற்கும் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்கும் பழக்கம் அவருக்கு அங்கே இருந்ததா?

இருந்திருக்காது. இந்தப் பழக்கத்தை அவர் சிட்னிக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டிருக்கிறார். கற்றுக்கொடுத்தது யார் என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பார்க்கிங் நேரம் முடிவதற்குள் ஓடினோம் என்கிறீர்கள். அந்த ஓட்டத்தில் முழங்கால் வலியோடு ஒரு வயதானவர் பின்னால் வந்தால் என்ன ஆகும்? “அம்மா, கொஞ்சம் சீக்கிரம்” என்று ஒரு முறை சொல்லியிருப்பீர்கள். இரண்டாம் முறை சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது போதும் தம்பி. அடுத்த இடத்தில், “நீங்கள் போய்விட்டு வாருங்கள், எனக்கு இங்கேயே நன்றாக இருக்கிறது” என்று அவரே சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில் எத்தனை பந்தி முடிந்தாலும் கடைசிப் பந்தியில் உட்காரும் தலைமுறை அது. பசிக்கவில்லை என்பார்கள். அதை நம்பி இலையை எடுத்துவிடுகிறவன் பிள்ளையா?

இத்தனைக்கும் கட்டூம்பாவில் மூன்று சகோதரிகள் பாறையைப் பார்க்க ஒரு மலையும் ஏற வேண்டியதில்லை. எக்கோ பாயின்டில் கொஞ்ச தூரம் நடந்தால் கம்பித் தடுப்பு. அதற்கு அப்பால் நீல நிறத்தில் பள்ளத்தாக்கு. கையைப் பிடித்து மெல்ல அழைத்துப் போயிருந்தால் அதிகமாய்ப் போனால் கால்மணி நேரம் ஆகியிருக்கும். சுமார் 9,000 கிலோமீட்டர் பறந்து வந்த தாய்க்கு அந்தக் கால்மணி நேரம் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, உங்களிடம் அவர் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்கிறேன். இந்த வயதுப் பெண்கள் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். கழிப்பறை எங்கே இருக்குமோ, மகனிடம் எப்படிக் கேட்பதோ என்ற கூச்சம். காரை விட்டு இறங்காமல் இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் அட்டவணையில் காப்பிக் கடைகளின் பெயர்கள்கூட இருக்கின்றன. கழிப்பறை ஒன்றுகூடக் குறிக்கப்படவில்லை. கியாமாவில் சர்ஃப் பீச், பிளாக் பீச், ப்ளோ ஹோல் பாயின்ட் மூன்று இடங்களிலும் பொதுக் கழிப்பறை இருக்கிறது. போய் இறங்கியதும் அவர் கேட்காமலே அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். இதை மருமகள் பார்த்துக்கொள்வாள் என்று தள்ளிவிடாதீர்கள். உங்களைப் பெற்றவர் அவர். கைபிடித்து அழைத்துப் போவதும் உங்கள் வேலைதான். மேலும், ஜனவரி வெயிலில் பூட்டிய கார் சில நிமிடங்களில் உலைபோல் ஆகிவிடும். வயதானவரை அதில் உட்காரவைப்பது ஆபத்து. அதில் பிடிக்கும் பிடிக்காது என்ற பேச்சுக்கே இடமில்லை.

என் அம்மாவும் இப்படித்தான். மெரினாவுக்குப் போனால் மணலில் இறங்காமல் சாலையோரச் சுவரிலேயே உட்கார்ந்துவிடுவார். “இங்கேயே காற்று வருகிறது” என்பார். இருபது வருடம் அதை அப்படியே நம்பினேன். ஒருநாள் என் சின்ன மகள் பிடிவாதமாகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். முழங்கால்வரை சேலை நனைய நின்று, இருட்டும்வரை திரும்ப மறுத்தார். அதற்குப் பிறகு அவரை அழைத்துப் போக எனக்கு ஒரு வருடம்தான் கிடைத்தது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

இனி அட்டவணை. முதலில் அந்த இரண்டாவது மாடி அறையை ரத்து செய்யுங்கள். பள்ளி விடுமுறை உச்சத்தில் கியாமாவில் இடம் கிடைப்பது கஷ்டம், விலையும் கூடும். ஆகவே இன்றைக்கே தேடுங்கள். சர்ஃப் பீச், கெண்டால்ஸ் பீச் பக்கம் விடுமுறைப் பூங்காக்களில் தரையோடு தரையாகக் கேபின்கள் உண்டு. ஜன்னலில் கடல் தெரியாவிட்டால் பரவாயில்லை. படி ஏற முடியாதவருக்கு மாடியிலிருந்து தெரியும் கடலால் என்ன பயன்?

வெள்ளிக்கிழமை திமிங்கிலம் பார்க்கப் படகு என்று போட்டிருக்கிறீர்கள். இந்தக் கரையோரம் திமிங்கிலங்கள் கடந்து போவது மே முதல் நவம்பர் வரை. ஜனவரியில் எதைப் பார்ப்பீர்கள்? ஹையம்ஸ் பீச் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு. வெள்ளை மணலுக்காக ஒரு பகல் முழுவதும் காரிலா? கெரிங்காங் வரை போகும் கரையோர நடைபாதை அழகானதுதான். ஆனால் 6 கிலோமீட்டர், வழியில் நிழலோ தண்ணீரோ கிடையாது. இந்த மூன்றையும் அடித்துவிடுங்கள். நீர் விளையாட்டுப் பூங்கா, மரஉச்சி நடைபாலம் இரண்டையும் அம்மா ஊருக்குப் போன பிறகு மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். அவை எங்கும் ஓடிவிடாது.

மிஞ்சுவது கியாமா மட்டும்தான். அதுவே நான்கு நாளுக்குத் தாராளம்.

புதன்கிழமை போய்ச் சேருகிறீர்கள். அன்று பிற்பகல் சர்ஃப் பீச்சை ஒட்டி விவசாயிகள் சந்தை கூடும். கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்து, காம்பைக் கிள்ளி, விலையைக் கேட்டு, நம்மூர்க் காசில் கணக்குப் போட்டு அம்மா திகைக்கட்டும். அவரை அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் 17 இடங்களில் இந்தச் சந்தை இல்லவே இல்லை.

வியாழக்கிழமை ஜனவரி 15. அன்று என்ன நாள் தம்பி? தைப்பொங்கல். சனிக்கிழமை காணும் பொங்கல். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் போவதற்கென்றே ஒரு நாளை நம் முன்னோர்கள் ஒதுக்கிவைத்தார்கள். அந்த நாளில் தாயைக் காரில் உட்காரவைக்கத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். தெரியாமல் நடந்ததுதான் என்று நம்புகிறேன். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

கியாமா கிழக்கே பார்த்த கரை. ஜனவரி நடுவில் காலை ஆறு மணியை ஒட்டி, பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் போலவே, கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம். பொங்கலன்று அதைவிட வேறென்ன வேண்டும்? பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், ஒரு சின்னப் பித்தளைப் பானை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். சூரியனைக் கும்பிட்டு வந்து கேபின் அடுப்பில் பொங்கட்டும். கோடைக்காலம், வெளியே நெருப்பு மூட்ட வேண்டாம். பொங்கல் வைப்பது அம்மா. பாத்திரம் கழுவுவது நீங்கள். அதோடு சரி; மூன்று வேளையும் அவரைச் சமைக்க வைத்துவிடாதீர்கள். துறைமுகத்தருகே மீன் வாங்கிச் சாப்பிடலாம். அம்மா சைவமென்றால் தயிர்சாதம் கட்டிக்கொண்டு பிளாக் பீச் புல்தரையில் உட்காருங்கள்.

பத்து மணியிலிருந்து நாலு மணிவரை வெயிலில் தலை காட்ட வேண்டாம். எல்லோரும் தூங்குங்கள். அந்த வெயில் நம்மூர் வெயிலைவிட வேகமாகத் தோலைச் சுடும். வெயில் தாழப் புறப்பட்டால் இரவு எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும். மூன்று மணி நேரம் கடல் உங்களுடையது. பிள்ளைகள் உயிர்காப்பாளர்கள் நட்டுவைக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும்தான் இறங்க வேண்டும். கொடிக்கு வெளியே தண்ணீர் அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் பல நேரம் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். அலையே வேண்டாமென்றால் ப்ளோ ஹோல் பாயின்டிலும் ஃபெசன்ட் பாயின்டிலும் பாறைக்குள் கட்டிய கடல்நீர்க் குளங்கள் இருக்கின்றன.

அந்த ப்ளோ ஹோலுக்கு, பாறைத் துளை வழியே கடல் பீறிட்டு எழும் இடத்துக்கு, நீங்கள் ஒதுக்கியிருப்பது 20 நிமிடம். கடல் உங்கள் அட்டவணையைப் பார்த்து எழும்புவதில்லை. தென்கிழக்கிலிருந்து அலை வலுவாக வந்தால்தான் தண்ணீர் உயரத்துக்குப் பாயும். மற்ற நாளில் பாறைக்குள் உறுமிக்கொண்டிருக்கும். கியாமா என்ற பெயருக்கே கடல் ஓசையிடும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். 1797 டிசம்பரில் ஜார்ஜ் பாஸ் ஒரு திறந்த படகில் இந்தக் கரையோரமாக வந்து இதைக் கண்டு எழுதிவைத்தார்; பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1887இல் கட்டியது. இதையெல்லாம் அப்பாயிக்குத் தமிழில் விளக்கும் பொறுப்பை உங்கள் மகளிடம் கொடுங்கள். திக்கித் திணறித்தான் சொல்வாள், சொல்லட்டும். கார் நிறுத்தும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்காகக் காரிலேயே விட்டுவிடாதீர்கள். ஒரு மடக்கு நாற்காலி, குடை, பிளாஸ்கில் டீ. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அம்மாவை உட்காரவைத்து, நீங்களும் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். ஒரு மணி நேரம் அசையாதீர்கள். எனக்குத் தெரிந்து, அது எப்போது எழும்பும் என்று காத்திருக்கும் பொறுமை உங்கள் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. பிள்ளைகள் அதை அவரிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். நிம்மதியாக இருப்பது எப்படி என்று என்னிடம் கேட்டீர்களே, அதற்கும் இதுதான் பதில். அம்மாவின் நடைக்கு மற்ற நால்வரும் நடங்கள்; யாரும் ஓட வேண்டியிருக்காது.

வெள்ளிக்கிழமைக்கு எதுவும் எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

சனிக்கிழமை திரும்பும் வழியில் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில். இதற்கும் 20 நிமிடம் போட்டிருக்கிறீர்கள், காரணம் ‘அம்மாவுக்காக’. அரை நாள் கொடுங்கள். சுற்றிலும் காடு, நடுவே நம்மூர்க் கோபுரம். பிரகாரத்தை அவர் மூன்று முறை சுற்றட்டும், கோயில் உணவகத்தில் நிதானமாகச் சாப்பிடட்டும், முன்பின் தெரியாத பெண்களிடம் எந்த ஊர் என்று விசாரிக்கட்டும்.

இன்று இரவு அம்மாவிடம் போய், “உங்களுக்கு எங்கே போக வேண்டும்?” என்று கேட்காதீர்கள். எங்கேயும் வேண்டாம் என்பார். நீங்களும் நிம்மதியாக வந்துவிடுவீர்கள். கியாமாவுக்குப் பெட்டி கட்டும்போது இரண்டு சேலை கூடுதலாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால், நனையும் என்று சொல்லுங்கள்.