எதிரே ஆறடியில் இன்னொரு ஜன்னல்

கேள்வி: சத்துவாச்சாரியில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். எதிரே ஆறடி தள்ளிப் புது வீடு எழும்பிவிட்டது. அவர்கள் ஜன்னலும் எங்கள் படுக்கையறை ஜன்னலும் நேருக்கு நேர். கண்ணாடியில் வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டினோம். பகலில் மறைக்கிறது, ராத்திரி விளக்குப் போட்டால் எல்லாம் தெரிகிறதாம். அடைத்துவிட மனசில்லை, ஓரமாகக் கொஞ்சம் மலை தெரியும். வேறு வழி உண்டா?

பதில்: ஸ்டிக்கரில் கோளாறு இல்லை. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ, அந்தப் பக்கம் நிற்பவருக்குத்தான் அது மறைக்கும். ராத்திரி வெளிச்சம் உங்கள் பக்கம். அதை விடுங்கள், மே மாத வேலூரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு யார் தூங்குவது? திறந்துவிட்டால் எந்த ஸ்டிக்கருக்கும் வேலையில்லை. திறந்திருக்கும்போதே மறைக்கிற பொருள்தான் வேண்டும்.

ஜன்னலில் நெடுக்குவாக்கில் பட்டை அடியுங்கள். 3 அங்குல அகலப் பட்டை, 45 டிகிரி சாய்வு, ஒரு பட்டையின் நடுவிலிருந்து அடுத்த பட்டையின் நடுவுக்கு 2 அங்குலம். சாய்ந்த பட்டை ஒவ்வொன்றும் 2 அங்குலத்துக்குச் சற்று மேலேயே மறைப்பதால் நேர்ப் பார்வை அடைபடும், காற்று வரும். சாய்வு மலைப்பக்கம் திறந்திருக்கட்டும், ஓரத்து மலை தப்பிக்கும். நாலடி ஜன்னலுக்கு 24 பட்டை ஆகும்.

கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: செலவு குறையும் என்று இடைவெளியை 3 அங்குலமாக்கிவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு சந்திலும் முக்கால் அங்குலத்துக்கு மேல் நேராகவே தெரியும். பளபளக்கும் அலுமினியமும் வேண்டாம், அறை அதில் பிரதிபலிக்கும். மங்கல் பூச்சு கேளுங்கள். சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஆசாரியிடம் வாயால் சொன்னால் போதாது. நாலைந்து அட்டைப் பட்டையை வெட்டிக் கிரில்லில் கட்டி, ராத்திரி விளக்கைப் போட்டு, எதிர்வீட்டாரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இது சங்கடமான விஷயம்தான்.

ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பதானால் பட்டைகளைத் தாங்கும் சட்டம் கிரில்லுக்கு உள்ளே வரவேண்டும். நாலு போல்ட்டில் கழற்றுகிற மாதிரி செய்தால் தூசி துடைக்கலாம். பார்வை மொட்டைமாடியிலிருந்து வருகிறதென்றால் கதையே வேறு: பட்டை படுக்கைவாக்கில், வெளி விளிம்பு கீழே, உள் விளிம்பு மேலே.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து ஜன்னல் வைப்பதைச் சட்டப்படி தடுக்க முடியுமா?
— காட்பாடி வாசகி

பதில்: பார்வை விழுகிறது என்பதை மட்டும் வைத்து, கடினம். 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் (அடுத்தவர் சொத்தின் மீதான அனுபவ உரிமை பற்றியது), 18ஆம் பிரிவில், அந்தரங்கம் கெடும்படி புது ஜன்னல் வைக்கக் கூடாது என்று அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தால்தான் தடுக்கும் உரிமையைத் தருகிறது. வழக்கத்தை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அதைவிட, விடவேண்டிய பக்க இடத்தை விட்டிருக்கிறாரா என்று அனுமதி வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீறியிருந்தால் மாநகராட்சியில் எழுத்துமூலம் மனு கொடுங்கள், அதுவும் கட்டடம் லிண்டல் மட்டம், அதாவது ஜன்னலுக்கு மேல் விட்டம், வருவதற்குள்.